மூன்று மணிப் பீப்பாய்

தட்டியதும் நகர்ந்துவிட மாட்டார் இமெல்டா. மரச்சுத்தியலால் பீப்பாயின் முகத்தில் மேலிருந்து கீழாக நாலு தட்டு. பிறகு கன்னத்தை அதன்மேல் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "சரி சரி, கேட்டுச்சு" என்று பீப்பாயிடம் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். தையற்காரர் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல உதட்டோரம் எப்போதும் சில தேவதாரு ஆப்புகளைக் கவ்வியிருப்பதால், அவர் பேச்சில் பாதி பல்லிடுக்கு வழியாகத்தான் வரும்.

கசிவு பிடிப்பது அவர் வேலை. எங்கள் நெல்சன் வட்டாரத்தில் விஸ்கி காய்ச்சும் ஒவ்வோர் ஆலையிலும் இப்படி ஒருவர் உண்டு. கிடங்குக்குள் மின்விளக்கு கிடையாது. பலகைச் சுவரில் அங்கங்கே இருக்கும் சின்ன ஜன்னல்கள் கொடுக்கும் வெளிச்சம்தான். ஏழு தளம், தளத்துக்கு ஆயிரக்கணக்கில் பீப்பாய், நடுவில் ஒருவர் ஒருக்களித்துப் போகும் அளவுக்குச் சந்து. அதற்குள் இமெல்டா வேலைத் தொப்பியோடு மூக்கை நீட்டிக்கொண்டு போவார். எங்காவது ஈரம் மினுங்கினால் உதட்டிலிருந்து ஓர் ஆப்பை எடுத்து அடித்து இறக்குவார். பலகை இணைப்பில் இடைவெளி இருந்தால், குளத்தோரம் தானே அறுத்துக் காயவைத்த சம்பங்கோரையைச் செருகுவார். "என்னடா, மூக்கு ஒழுகுதா உனக்கு? மானம் போகுது, மூடு" என்று நடுநடுவே திட்டும் நடக்கும்.

விஸ்கியை அவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து, கோலா புட்டிக்குள் உப்புக்கடலையைக் கொட்டிக் குலுக்கிக் குடிப்பார். கிடங்குக்கு வெளியே அந்த மூக்கு எதற்கும் உதவாது. வீட்டில் அடுப்பில் ரொட்டி கருகிப் புகை கூடத்துக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

நான் புட்டி நிரப்பும் கூடத்தில் லேபிள் பிரிவு. அதனால் அவருக்கு நான் ஒட்டுக்காரத் தம்பி. ஒட்டுவது என்றால் ஏதோ பசை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் விஸ்கிக்குப் பர்பன் என்று பெயர் அச்சடிப்பதற்குள் சட்டம் எங்கள் கழுத்தை நெரித்துவிடும். பாதிக்கு மேல் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே தீ வைத்துக் கரியாக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும். ஒருமுறை ஊற்றிய பீப்பாய் மறுமுறை பர்பனுக்கு ஆகாது. சாயம் ஒரு சொட்டுச் சேர்க்கக்கூடாது. வயது போட்டால், உள்ளே இருப்பதிலேயே இளைய சொட்டின் வயதைத்தான் போட வேண்டும். பன்னிரண்டு வருடச் சரக்கில் நாலு வருடச் சரக்கை ஒரு கரண்டி விட்டாலும் லேபிளில் நாலுதான். மரத்துக்குள் இருக்கும் காலம் மட்டுமே வயது. கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிட்டால், அதை ஐம்பது வருடம் அலமாரியில் பூட்டி வைத்தாலும் வயது ஒரு நாள்கூட ஏறாது.

இந்தக் கடைசி விதியை இமெல்டா பிடித்துக்கொண்டார். வேடிக்கைக்கு அல்ல என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவர் கணவர் ராய்ஸ் கிரீன்வெல் அதே கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறவர். உருட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஊற்றும் துளையை அடைத்திருக்கும் மரத்தக்கை, பீப்பாய் தன் இடத்தில் போய் நிற்கும்போது உச்சியில், கடிகாரத்தின் பன்னிரண்டு மணியில் இருக்க வேண்டும். ஐந்நூறு ராத்தலுக்கு மேல் கனக்கும் பீப்பாயை உள்ளே போன பிறகு திருப்ப முடியாது. எத்தனை சுற்று உருளும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, தக்கையை அதற்கேற்ற மணியில் வைத்துத் தள்ளிவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவன் தள்ளியது ஐந்து மணியில் போய் நிற்கும். விஸ்கி தக்கை வழியே சொட்டும். மற்றவர்கள் "என்னப்பா, உங்க ஊருல இப்ப மணி அஞ்சா?" என்று மாதக்கணக்கில் அவன் உயிரை வாங்குவார்கள். ராய்ஸ் தள்ளிய பீப்பாய் பன்னிரண்டைத் தவிர வேறெங்கும் நின்றதே இல்லை.

ஒரே ஒரு பீப்பாய் நின்றது. பதினோரு வருடத்துக்கு முன், ஜூலை மாத வெக்கையில், ஐந்தாம் தளத்தில் அவர் ஒரு பீப்பாயைத் தள்ளிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இமெல்டா அப்போது கீழ்த்தளத்தில் தட்டிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனவர்கள் பார்த்தபோது ராய்ஸின் உள்ளங்கை பீப்பாயின் முகத்தில் பதிந்திருந்தது. உடம்பு அந்த வெக்கையிலும் சில்லிட்டிருந்தது. தக்கை மூன்று மணியில் நின்றது.

வெளியே இழுத்துச் சரிசெய்யலாம் என்றார்கள். "அவரு வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றார் இமெல்டா. அந்த நேரத்தில் அவரிடம் மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்? எப்படியும் கசியும், கசிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கசியவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். கோடையில் விஸ்கி சூடாகி மரத்துக்குள் ஊறும், குளிரில் பின்வாங்கும். இப்படிப் போய் வந்துதான் அதற்கு நிறமும் ருசியும் ஏறுகிறது. இந்தப் போக்குவரத்தில் வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிக் காணாமல் போகும். அது தேவதூதர்களின் பங்கு என்பார்கள். பங்கு போகப் போக பீப்பாயின் மேற்பகுதி காலியாகி, தட்டினால் வெறுங்குரல் கேட்கும். ஐந்தாம் தளத்துச் சூட்டில் பதினோரு வருடம் கிடந்தால் பாதியளவு மிஞ்சினால் பெரிது. மூன்று மணிப் பீப்பாயோ உச்சியில் தட்டினாலும் அடியில் தட்டினாலும் ஒரே மாதிரி, தளும்பத் தளும்ப நிறைந்த குரலில்தான் பேசியது.

வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும். ஆவியைத் தின்று வளரும் ஒரு கரும்பூசணம் எங்கள் ஊரில் மரம், வேலி, சாலைப் பலகை, கல்லறைக் கல் எல்லாவற்றிலும் படிந்திருக்கும். இங்கே வெள்ளைக் கார் வாங்குகிறவன் அசலூர்க்காரன். கிடங்கின் சுவரும் அட்டைக் கறுப்பு. ஐந்தாம் தளத்தில் அந்தப் பீப்பாய் இருக்கும் இடத்துக்கு நேரே மட்டும், ஒரு கதவளவுக்குப் பலகை பழைய வெள்ளைச் சாயத்தோடு பளிச்சென்று இருக்கிறது. அந்தப் பக்கம் வண்டி நிறுத்துவதை நான் விட்டுவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்றால் ஆமாம், பயந்தாங்கொள்ளிதான்.

இமெல்டா அந்தப் பீப்பாயை மட்டும் சுத்தியலால் தட்ட மாட்டார். விரல் முட்டியால், ஆள் உள்ளே இருக்கும் அறைக்கதவைத் தட்டுவது போலத் தட்டுவார். ஒருமுறை கூடவே போயிருந்தேன். தட்டிவிட்டுக் காதை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு முகத்தில் ஒரு வெட்கத்தோடு, "அதான் சொன்னேன்ல, நாளைக்குன்னு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். சில வருடங்களுக்கு முன் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த வெல்டா என்ற பெண்மணி, பக்கத்திலிருந்தவரிடம் "ராய்ஸ் போறப்ப அம்பத்திரெண்டுதான், பாவம்" என்றார்.

"இப்ப அம்பத்தொம்பது" என்றார் இமெல்டா, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

"யாருக்கும்மா?"

"அவருக்குத்தான். ஓக்கு மரப்பெட்டியிலதான வச்சோம்? மரத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் வயசு ஏறும். சந்தேகமா இருந்தா நம்ம ஒட்டுக்காரத் தம்பியக் கேளு. சட்டமெல்லாம் அவனுக்கு அத்துப்படி."

கூடமே என்னைப் பார்த்தது. வாயில் மீன் இருந்ததால் பிழைத்தேன். தலையை ஆட்டி வைத்தேன்.

"ஏம்மா, சாப்பிடற இடத்துல பேசற பேச்சா இது?" என்று வெல்டா சிலுவை போட்டுக்கொண்டார். இமெல்டா சோளப் பணியாரத்தைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடத்திலிருந்து, ராய்ஸ் பிறந்த மாதமான நவம்பரில் தவறாமல் அவருக்கு ஒரு வயது கூட்டுவார். தன்னைவிட அவர் நாலு வயது மூத்தவர் என்பதை அப்போதெல்லாம் தவறாமல் சொல்வார்.

இந்த வருடம் ஆகஸ்ட் மாதத்தில் சிக்கல் வந்தது. லூயிவில் நகரத்து விஸ்கிச் சங்கம் ஒன்று தனக்கென்று ஒரு பீப்பாயைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் புட்டியில் அடைத்துக் கொடுக்கச் சொன்னது. சங்கத்துக்காரர் பளபளக்கும் பொத்தான் வைத்த சட்டைக்காரர். மூன்று மணிப் பீப்பாயின் கதை எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. வேறு எதையும் ருசி பார்க்கக்கூட மறுத்துவிட்டார். கிடங்கு மேலாளர் டெரல் ஹேகன் அவரை ஐந்தாம் தளத்துக்குக் கூட்டிவந்தபோது, பீப்பாய்க்கு முன்னால் இமெல்டா நின்றுகொண்டிருந்தார்.

"இது ஆகாது. கசியுது" என்றார்.

டெரல் குனிந்து கைவிளக்கை அடித்தான். கீழே பலகை காய்ந்து கிடந்தது. விரலால் துடைத்துப் பார்த்தான், தூசிதான் வந்தது. இமெல்டா மடியில் வளராத குறையாக வளர்ந்தவன் அவன். அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

"எங்கக்கா கசியுது?"

"உள்ளுக்குள்ள."

"உள்ளுக்குள்ள எப்படிக்கா கசியும்?"

"உனக்குக் காது இருந்தா கேளுடா."

சங்கத்துக்காரர் சிரித்தார். டெரல் சிரிக்கவில்லை. "முதலாளி ஒத்துக்கிட்டாருக்கா. வியாழக்கிழமை இறக்கறோம். ராய்ஸ் அண்ணன் பேரையே லேபிள்ல போடச் சொல்றேன், அது போதாதா?" என்று தணிந்த குரலில் சொன்னான். வாழ்நாள் முழுக்கக் கசிவு பிடித்தவர், இல்லாத கசிவைச் சொன்னது அதுதான் முதல்முறை. டெரலுக்கு அது புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் தேதியை மாற்றவில்லை.

அன்று மத்தியானம் படிக்கட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோலா புட்டி திறக்காமலே இருந்தது. ஆப்பும் இல்லாமல், கடலையும் இல்லாமல் அவர் வாயை அன்றுதான் பார்த்தேன் என்று தோன்றியது.

"ஒட்டுக்காரத் தம்பி, கண்ணாடிக்குள்ள போயிட்டா வயசு நின்னுடும்ல?"

"விஸ்கிக்குக்கா. விஸ்கிக்குத்தான்."

"அந்தச் சரக்கும் அவரும் ஒண்ணாத்தான்டா மரத்துக்குள்ள போனது. அவரு கைய வச்சுக்கிட்டே போனாரு. அத இறக்கினா அவருக்கும் நின்னுடும்."

"நின்னா நிக்கட்டுமேக்கா. என்ன குறைஞ்சுபோச்சு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. கண் கலங்கியிருந்தது. "உனக்கென்ன, சொல்லிடுவ. இத்தன வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான்டா வயசானோம். இனிமே நான் மட்டும் தனியா கிழவி ஆவணுமா? கடைசியில அங்க போய் நிக்கறப்ப, இது யாரு பாட்டின்னு கேட்டாருன்னா?"

கோலா புட்டியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்தபடி அவரே, "அது நல்லா கறுத்திருக்கும் பாரு, வெல்லப்பாகு மாதிரி. இந்த ஊருலயே அவ்வளவு கறுப்பு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்றார். அந்த நினைப்பில் கொஞ்சம் தேறினார்.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில். பீப்பாயை வெளியே எடுத்து, கிடங்கு வாசலில் இருக்கும் மரத் தண்டவாளத்தில் விட்டார்கள். அதில் உருட்டிக்கொண்டே போய், திறக்கும் இடத்தில் தக்கையை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். நிறுத்தினார்கள். பீப்பாய் தானாக மெதுவாக உருண்டு மூன்று மணிக்குப் போயிற்று. தண்டவாளம் சாய்ந்திருக்கிறதென்று இடத்தை மாற்றினார்கள். அங்கேயும் மூன்று மணிக்கே போயிற்று. டெரல் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தான். அதிலிருந்த குமிழி நட்டநடுவில் நின்றது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு முன் போட்டுப் பார்த்த எடையும், ஊற்றி அடைத்த அன்று இருந்த அதே எடைதான். தேவதூதர்கள் ஒரு மடக்குக்கூடத் தொடவில்லை.

இமெல்டா கிடங்கு வாசல் ஓரமாக, வெயில் படாத இடத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் கதவுக்குள் இருட்டு.

தக்கையைப் பிடுங்கியதும் உள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. எல்லாப் பீப்பாயிலும் வருவதுதான். இது கொஞ்சம் நீளமாக வந்தது. சரக்கை உறிஞ்சி எடுக்கும் செம்புக்குழாய்க்கு இங்கே திருடன் என்று பெயர். டெரல் திருடனை உள்ளே விட்டு, மேலே கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, கண்ணாடிக் குவளையில் விட்டான்.

தண்ணீர்.

தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சங்கத்துக்காரர், "யாரோ எடுத்துட்டுத் தண்ணி ஊத்தியிருக்காங்க" என்றார். டெரல் முகர்ந்தான். நாக்கில் வைத்தான்.

"வெள்ளை நாய்" என்றான்.

காய்ச்சி வடித்தவுடன், மரத்தின் நிறம் ஏறுவதற்கு முன் நிறமில்லாமல் இருக்கும் சரக்குக்கு இங்கே அதுதான் பெயர். குடித்தால் கடிக்கும். ஆனால் கரியாக்கிய ஓக்குக்குள் ஒரு வாரம் இருந்தாலே அது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். பதினோரு கோடை, பதினோரு குளிர். குவளையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான் டெரல். அதன் வழியே அவன் விரல் ரேகை தெரிந்தது.

"இன்னிக்குக் காலையில வடிச்ச மாதிரி இருக்கு. இளஞ்சூடுகூட ஆறல" என்று குவளையை என்னிடம் நீட்டினான். வாங்கினேன். உண்மைதான், வெதுவெதுப்பாக இருந்தது.

"லேபிள்ல என்னன்னு போடறது?" என்று கேட்டான் டெரல். சாதாரணமாகப் பேசுவதுபோல் காட்டிக்கொண்டான், பாவம்.

சட்டப்படி பதினோரு வருடம். அதைச் சொல்வதற்குள் இமெல்டா வந்து என் கையிலிருந்து குவளையை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. வெல்லப்பாகுக் கறுப்பை எதிர்பார்த்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் தோளை எடுத்துவிட்டார்கள். திறந்த வாயோடு பீப்பாய் மூன்று மணிக்கு உருண்டு, உள்ளே இருந்தது நிதானமாகத் தரையில் கொட்டத் தொடங்கியது. யாரும் தடுக்கவில்லை.

"ஒரு நாள்கூட ஆகலையே அவருக்கு" என்றார் இமெல்டா. "அம்பத்திரெண்டேதான்."

டெரல், "அக்கா, வாங்க, உக்காருங்க" என்று கையைப் பிடிக்கப் போனான். அவர் கேட்கவில்லை. கிடங்குக் கதவுக்குள் இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன், யாரும் இல்லை. ஆனால் அவர் முகம், வீட்டுக்குச் சொல்லாமல் விருந்தாளி வந்துவிட்ட பெண்ணின் முகமாக மாறியது. குவளையைத் தரையில் வைத்தார். சட்டென்று கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவசர அவசரமாக, நெற்றியிலும் காதோரத்திலும் வெளியே தெரிந்த நரைமுடியையெல்லாம் தொப்பிக்குள் திணிக்க ஆரம்பித்தார்.